ரொட்டிக்கடைக்காரர் மனைவி இளைத்த கதை

எனக்குக் காசநோய் இல்லை. புற்றுநோய் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. என் கணவர் என்னைப் பட்டினி போடவும் இல்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சூரமங்கலம் வரை வழிமறித்து, "என்ன டீச்சர், பாதியாப் போயிட்டீங்க, உடம்புக்கு என்ன?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிறவர்களுக்கு இந்த நாலு வாக்கியத்தையும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சொன்னாலும் நம்புவதில்லை. "எதுக்கும் மாதாகிட்ட வேண்டிக்கங்க" என்று கையை அழுத்திவிட்டுப் போகிறார்கள். ஆகவே நடந்ததை எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

என் பெயர் மரியபுஷ்பம். டவுனில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இது நடந்தபோது வயது நாற்பத்தாறு. கணவர் லூர்துசாமி ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ரொட்டி சுடும் அடுப்பு. விடியுமுன்பே வெண்ணெய் பிஸ்கட் வாசனையில்தான் எங்கள் வீடு கண்விழிக்கும். நான் அவருக்கு இரண்டாம் தாரம். நாலு பிரசவத்தில் இரண்டு பெண்கள் தங்கினார்கள். இருவரும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். கணவரின் தங்கை செசிலி சிறு வயதிலேயே கணவனை இழந்தவள். எங்களோடு இருக்கிறாள், சமையலறை முழுவதும் அவள் பொறுப்பு. எனக்கு இருபது வருஷமாக ஒரு கரண்டியைத் தொடும் வேலைகூட இல்லை. எல்லாரும் இதைக் கொடுத்துவைத்த வாழ்க்கை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு தொப்புளில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வரும். வலி இல்லாததால் அதை மறந்தே போனேன். உடம்பு பெருக்கப் பெருக்க அதுவும் பெருத்தது. புடவைக் கொசுவத்தை அதற்கு மேலே ஏற்றிக் கட்டப் பழகிக்கொண்டேன்.

ஐப்பசி மழை நாளொன்றில் பள்ளியில் காலை ஜெபம் முடிந்து பிள்ளைகளை வரிசையாக வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் போட்டேன். அவ்வளவுதான். வயிற்றுக்குள் யாரோ துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்தால் எலுமிச்சை தேங்காயாகியிருந்தது, கல் மாதிரி. படுத்துப் பார்த்தேன், உள்ளே போகவில்லை. வாந்தி வந்தது. தலைமையாசிரியை பயந்துபோய் ஜட்கா கூப்பிட்டு அனுப்பினார். என்னை ஏற்றியதும் வண்டி பின்பக்கமாகச் சாய்ந்து குதிரை முன்னங்காலைத் தூக்கியது. வலியில் உயிர் போகிற நேரத்திலும் வண்டிக்காரன், "முன்னாடி தள்ளி உக்காருங்கம்மா, ஓரமா வேணாங்க" என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஊருக்கு வெளியே இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. எல்லாரும் டாக்டரம்மா என்றே கூப்பிடுவார்கள். சிறிய உருவம், உரத்த குரல். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தி என்னைத் தலைகீழாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். வலி மறக்க ஊசி போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்ல மெல்ல அமுக்கினார். நெடுநேரம் கழித்து, தண்ணீர்க் குடத்துக்குள் காற்றுப் போவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வீக்கம் உள்ளே போனது. டாக்டரம்மா நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவை தப்பிச்சீங்க" என்றார்.

மறுநாள் விளக்கினார். வயிற்றுச் சுவரில் தொப்புளுக்குப் பின்னால் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகக் குடலின் ஒரு மடிப்பு தோலுக்கடியில் வந்து நிற்கிறது. இதற்குக் குடலிறக்கம் என்று பெயர். ஓட்டையின் விளிம்பு குடலை நெரித்துவிட்டால் ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத குடல் அழுகும். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"அப்போ இப்பவே ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றேன்.

"பண்ண மாட்டேன்" என்றார்.

காரணம் சொன்னார். என் வயிற்றில் இருக்கும் கொழுப்போடு தைத்தால், திணித்த கோணிப்பையின் வாயைத் தைத்த மாதிரி, முதல் இருமலிலேயே நூல் அறுந்துவிடும். இன்னொன்று, ஈதர். மூக்கில் வைத்து மயக்கும் மருந்து. கழுத்தும் நெஞ்சும் இப்படிக் கனத்திருப்பவர்களுக்கு அந்த மயக்கத்தில் மூச்சு திணறும். ரத்தக் கொதிப்பும் இருந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்க்கும் பாதரசக் கருவியில் பாதரசம் எங்கேயோ மேலே நின்றுகொண்டு இறங்கவே மறுத்தது.

எடை போடச் சொன்னார். கம்பவுண்டர் இரும்புத் தட்டில் என்னை நிறுத்திக் குண்டை நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே போனார். நூற்றுத் தொண்ணூற்றாறு பவுண்டு. அதைப் புறநோயாளிகள் வரிசை முழுவதும் கேட்கும்படி கூவினார்.

"முப்பது பவுண்டு குறைச்சிட்டு வாங்க. அப்புறம் கத்தியை எடுக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குள்ள மறுபடி நெரிச்சா?" என்று கேட்டேன். "அதனாலதான் சீக்கிரம் குறைக்கச் சொல்றேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. ஆபரேஷனை நினைத்துப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "நல்ல உடம்பை எதுக்குக் கரைக்கச் சொல்றாங்க?"

வீட்டில் இளைப்பதென்று தொடங்கினேன். ஒரு பெண் நாற்பத்தாறு வயதில் இளைக்க முடிவுசெய்தால் ஊர் என்ன பாடு படுத்துமென்று அப்போதுதான் தெரிந்தது. கொள்ளு வேகவைத்த தண்ணீர் குடி என்றார் ஒருவர். வாழைத்தண்டுச் சாறு என்றார் இன்னொருவர். தேனும் எலுமிச்சையும் என்றார் மூன்றாமவர். இப்படிச் சொன்னவர்கள் அத்தனை பேரும் சொல்லி முடித்தவுடன் ஒரு தட்டில் எதையாவது வைத்து நீட்டினார்கள். "இன்னிக்கு ஒரு நாள் சாப்பிடுங்க, நாளைக்கு ஆரம்பிங்க." எனக்கு எங்கே போனாலும் அது இன்றைக்கு ஒரு நாளாகவே இருந்தது.

வீட்டிலோ செசிலி. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டாக்டரம்மா சொன்னபடி அரைக் கிண்ணம் சோறுதான் வைப்பாள். ஆனால் அந்தச் சோற்றை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி வைப்பாள். ரசத்தின் மேலே ராசிபுரத்து நெய் பளபளக்கும். "இதென்ன?" என்றால், "வாசத்துக்கு ஒரு சொட்டு விட்டேன் அண்ணி. நெய்யில்லாம எப்படி எறங்கும்?" என்பாள்.

கணவர் எதுவும் பேசமாட்டார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு தட்டு வரும். சூடான பன், நடுவில் வெண்ணெய். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் கடைக்குப் போயிருப்பார். நான் பிடிவாதமாகத் தள்ளிவைத்த நாட்களும் உண்டு. எடுத்துத் தின்ற நாட்களே அதிகம். சூடான பன்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது பிள்ளைகளின் கழித்தல் கணக்கைத் திருத்திப் பாருங்கள், தெரியும்.

கிறிஸ்துமஸ் வந்தது. ரொட்டிக்கடையில் கிறிஸ்துமஸ் என்றால் மாவும் சர்க்கரையும் முந்திரியும் திராட்சையும் வீட்டுக்குள்ளே வந்து படுத்துக்கொள்ளும். வெந்தது உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்க்க வெட்டும் கேக்கின் ஓரத்துண்டு எப்போதும் எனக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். மறுத்தால், "ருசி சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டு முகத்தைப் பார்த்தபடி நிற்பார்.

புது வருஷம் பிறந்ததும் எடை போடப் போனேன். கம்பவுண்டர் கூவினார்: இருநூறு.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டீச்சர், உங்க ஊட்டுல உங்களால இளைக்க முடியாது. துணிமணி எடுத்துக்கிட்டு வார்டுக்கு வாங்க" என்றார். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தேன். வலியில்லை, காய்ச்சலில்லை, காயக்கட்டு இல்லை. தின்னாமல் இருப்பதற்காக ஆஸ்பத்திரியில் படுத்த ஒரே ஆள் நான்தான் என்று ஆயாக்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பெண்கள் வார்டு மாடியில். படிக்கட்டு ஏறுவதற்குள் நடுவழியில் இருமுறை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். காலையில் பாலும் சர்க்கரையும் இல்லாத வரக்காப்பி. மத்தியானம் ஒரு சிறு கிண்ணம் சோறு, கீரை, புடலங்காய், வெண்ணெய் எடுத்த மோர். ராத்திரி கோதுமைக் கஞ்சி. சிறுநீரைக் காய்ச்சி அதில் ஒரு நீல மருந்தை ஊற்றிப் பார்ப்பார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, பச்சை, மஞ்சள் என்று மாறி செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை வியாதி. எனக்கு லேசான பச்சையில் நின்றது. "வாசல்ல வந்து நிக்குது, உள்ள விடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

பசி என்றால் என்னவென்று அந்த வாரத்தில் தெரிந்தது. பசியைவிட மோசம் கோபம். கஞ்சியின்மேல் கோபம், கஞ்சி கொண்டுவரும் ஆயாவின்மேல் கோபம், ஜன்னலுக்கு வெளியே அரசமரத்தில் பழம் தின்னும் கிளிகளின்மேல்கூடக் கோபம்.

பக்கத்துக் கட்டிலில் பாவாயி. திருச்செங்கோட்டுப் பக்கம் கடலைக் காட்டில் வேலை செய்யும் குடும்பம். என் வயதுதான், ஆனால் கட்டிலில் படுத்திருந்தால் போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியாது. வயிற்றில் புண். வருஷக்கணக்கில் தின்றதையெல்லாம் வாந்தியெடுத்துச் சக்கையாகிவிட்டாள். அவளுக்கும் ஆபரேஷன் வேண்டும். இந்த உடம்போடு தாங்கமாட்டாள், கொஞ்சம் சதை போடட்டும் என்று பாலும் முட்டையும் ரொட்டியும் கொடுத்து வைத்திருந்தார் அதே டாக்டரம்மா. அவளோ தின்னப் பயந்தாள். தின்றால் வலிக்குமென்று இத்தனை வருஷம் பழகியவள்.

"ஏனுங்க டீச்சரம்மா" என்றாள் இரண்டாம் நாள். "நீங்க சோறு சோறுன்னு தவிக்கறீங்க. என்னையத் தின்னு தின்னுன்னு உசுர வாங்கறாங்க. நம்ம ரெண்டு பேரு வகுத்தையும் மாத்தி வெச்சுப்புட்டானுங்களா அந்தச் சாமி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தட்டில் பாலில் நனைத்த ரொட்டி ஊறிக்கொண்டிருந்தது. "பேசாமச் சாப்பிடுங்க" என்று அதட்டினேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அதட்டுவதுபோல. பயந்துபோய் ஒரு வாய் போட்டாள். "இன்னொண்ணு." போட்டாள். அதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. என்னால் தின்ன முடியாததை அவள் ஒழுங்காகத் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்ப்பது. இதைவிட ஒரு தண்டனை உண்டா என்று தெரியவில்லை. பதிலுக்கு அவள் என்னைச் சாயங்காலம் கிளப்பிவிடுவாள். ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவரை ஒட்டி வேப்பமர நிழலில் நடப்போம். எனக்கு மூச்சு வாங்கும், அவளுக்குக் கால் நடுங்கும். "சித்த நில்லுங்க" என்பாள் அவள். நின்றுவிட்டு, "நடங்க, பொழுது போகுது, போலாமுங்க" என்பவளும் அவளேதான். உட்கார விடமாட்டாள்.

எடை இறங்கத் தொடங்கியது. முதலில் வேகமாக, பிறகு சோம்பேறித்தனமாக.

கணவர் ஒன்றுவிட்டு ஒரு நாள் மத்தியானம் கடையைச் செசிலியிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வருவார். கையில் வெந்நீர் பிளாஸ்க். ஒரு நாள் முகம் கழுவும்போது என் இடது கை வளையல் சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு தானாகக் கழன்று தொட்டியில் விழுந்தது. மணிக்கட்டைத் தாண்டாமல் பல வருஷமாக இறுகிக்கிடந்த வளையல். சந்தோஷம் தாங்காமல் அவர் வந்ததும் வளையலைப் போட்டுக் கழற்றிக் காட்டினேன். "பாத்தீங்களா? பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

அடுத்தமுறை வந்தபோது பிளாஸ்கைத் திறந்தால் வெந்நீர் இல்லை. சுண்டக் காய்ச்சின பால், மேலே ஆடை. தோளில் போட்டிருந்த துண்டை விரித்தால் உள்ளே இரண்டு வெண்ணெய் பன். "யாருக்கும் தெரியாது, சாப்பிடு புள்ள" என்றார் மெதுவாக. வேண்டாம் என்றேன். "ஒண்ணே ஒண்ணு" என்றார். கெஞ்சினார். நானும் மனுஷிதான். ஒன்றைத் தின்றேன். இன்னொன்றைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். இப்படியே நடந்தது. எடை இறங்குவது நின்றது. கம்பவுண்டர் குண்டை நகர்த்தாமலேயே படித்தார்.

டாக்டரம்மாவை ஏமாற்ற முடியுமா? ஒரு நாள் வார்டைச் சுற்றிவந்தவர் என் தலையணையைத் தூக்கினார். உள்ளே பன். சரியாக அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் என் கணவர், கையில் பிளாஸ்க்.

"வாங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க சம்சாரத்தைக் கொல்லறதுக்கு எதுக்குங்க பஸ்காசு செலவு பண்ணிட்டு வர்றீங்க?"

வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது. தின்றது நான், ஆனால் அந்த நேரத்தில் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. "நான் படற பாடு உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா? நான் நல்லாகக் கூடாதா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் பிளாஸ்கைக் கீழே வைத்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ரோசலிக்கு இப்படித்தான் வளையல் கழண்டுச்சு" என்றார்.

ரோசலி அவருடைய முதல் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் காசநோயில் இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அவர் பேசியதே இல்லை, நான் கேட்டதும் இல்லை.

"மொதல்ல மணிக்கட்டுல கழண்டுச்சு. அப்புறம் கையைத் தூக்கினா முழங்கை வரைக்கும் எறங்கிப்போகும். நூல் சுத்திச் சுத்திப் போட்டுவிட்டேன். நாளுக்கு நாள் நூலு தடிச்சுக்கிட்டே போச்சு. கடைசியில நூலுதான் இருந்துச்சு, கை இல்லை." நிறுத்தினார். "உன்னைக் கட்டிக்கிட்டப்போ நெனச்சேன். இவ கை மெலியாம நான் பாத்துக்கணும்னு. வேற எனக்கு என்ன தெரியும், ரொட்டி சுடத்தான் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. அதோடுகூட எரிச்சலும் வந்தது, மறைப்பானேன். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து சொல்லாமல், பன்னாகச் சுட்டுச் சுட்டு என் வாயில் போட்டிருக்கிறாரே! "இதை ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றேன்.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். அவரும் குரலைத் தாழ்த்துவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இப்படி வாங்கய்யா" என்று அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். என்னையும் வரச்சொன்னார். "நோயில இளைக்கிறவங்களுக்கு நாளுக்கு நாள் மூச்சு குறையும். ரெண்டு படி ஏறினா உக்காந்துருவாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல? டீச்சர், கீழ எறங்கிப் போய்ட்டு மேல வாங்க."

இறங்கினேன். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பாவாயியும் மற்றப் பெண்களும். ஏறத் தொடங்கினேன். முதல்நாள் நின்ற முதல் இடம் வந்தது, நிற்கவில்லை. இரண்டாவது இடத்தில் கால் தயங்கியது. "ஏறுங்க சாமி, ஏறுங்க!" என்று பாவாயி மேலேயிருந்து கத்தினாள். ஏறினேன். மேலே வந்து அவர் எதிரில் நின்றேன். மூச்சு வாங்கியது, ஆனால் பேச முடிந்தது. "நான் சாகலைங்க" என்றேன். "சாகாம இருக்கத்தான் இளைக்கறேன்."

அவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டிலிருந்து இன்னொரு பன் உருண்டு படியில் விழுந்தது. டாக்டரம்மா குனிந்து எடுத்தார். "உங்களுக்கு யாருக்காவது போட்டே ஆகணும்னா, அந்தா, அந்தம்மாவுக்குப் போடுங்க" என்று பாவாயியைக் காட்டினார்.

அப்படியே ஆயிற்று. அவர் சுட்ட மென்மையான பால்ரொட்டி ஒன்றுவிட்டு ஒரு நாள் பாவாயிக்கு வந்தது. எனக்கு வெள்ளரிக்காயும் முள்ளங்கியும். அவள் ஆபரேஷனுக்குத் தேறினாள், நல்லபடியாக நடந்தது. மிச்சத்தை வீட்டிலேயே இளைக்கலாம் என்று டாக்டரம்மா அனுப்பிவைத்து நான் வீடு திரும்பிய பிறகு, அவளும் வீடு போய்ச் சேர்ந்த நன்றிக்கு அவள் வீட்டுக்காரர் எங்கள் வீடு தேடி வந்து ஒரு மூட்டை நிலக்கடலையும் ஒரு பானை வெல்லமும் இறக்கிவிட்டுப் போனார். எனக்கு! நிலக்கடலையும் வெல்லமும்! செசிலி அதைப் பார்த்து, "உருண்டை பிடிச்சா அருமையா இருக்கும் அண்ணி" என்றாள்.

ஆனால் செசிலியும் மாறினாள், சண்டை போட்டுக்கொண்டே மாறினாள். தவக்காலம் வந்தபோது கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். நோயாளிகளுக்கு உபவாசக் கடமை இல்லையென்று பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டு வந்து, வெற்றியோடு தட்டு நிறையச் சோறு வைத்தாள். "சாமியார் கொடுத்த உத்தரவு கடவுளுக்காக இருக்கற உபவாசத்துக்கு. இது டாக்டரம்மாவுக்காக" என்று தட்டைத் திருப்பித் தள்ளினேன். என் கணவர் எழுந்து தம் தட்டிலிருந்தும் பாதியை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, கீரையை என் பக்கம் நகர்த்தினார். செசிலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் மட்டும் எதுக்கு ஆக்கணும்?" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து ரசத்தில் நெய் மிதக்கவில்லை.

விடிகாலையில் ரொட்டி சுட்டு முடித்ததும், படுக்கப் போகவேண்டிய நேரத்தில், அவர் என்னோடு நடக்க வருவார். மேலெல்லாம் மாவு. பாதித் தூக்கத்தில் நடப்பார். பள்ளியில் உடன் வேலைபார்க்கும் ஆசிரியைகள் எனக்கு முன்னால் டப்பா திறப்பதை நிறுத்தினார்கள், ஒளிந்துகொண்டு தின்றார்கள். அது அதைவிட வேதனை.

கோடை விடுமுறையில் கம்பவுண்டர் நூற்று அறுபத்தேழு என்று கூவினார். இன்னும் ஒரு பவுண்டு பாக்கி. "அதை நான் உள்ள எடுத்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷனன்று காலையில் கணவர் என் வளையல்களை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். மேசையில் படுக்கவைத்து முகத்தில் கம்பிக்கூடையில் சுற்றிய துணியை வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பும் எரிச்சலும் கலந்த வாடை. ஜெபம் சொல்லத் தொடங்கினேன், நடுவிலேயே விட்டுப்போயிற்று. வயிற்றுச் சுவரின் இரண்டு பக்கங்களையும், கோட்டின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் ஏற்றிப் பட்டன் போடுவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தைத்ததாகப் பிறகு சொன்னார்கள்.

விழித்தபோது வலியைவிடப் பயமே பெரிதாக இருந்தது. ஈதர் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமினால் தையல் போய்விடும். இருமாவிட்டால் சளி வெளியே வராது. காய்ச்சல் ஏறியது. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டு இரண்டு பக்கமும் உட்கார இடமில்லாமல் போயிற்று. நர்ஸாக இருந்த கன்னியாஸ்திரி ஒரு தலையணையை என் வயிற்றின்மேல் வைத்து, "இதை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கையில் வலு இல்லை. என் கணவர்தான் பிடித்தார். மாவு பிசைந்து உரமேறிய கைகள். ஒவ்வோர் இருமலுக்கும் அந்தக் கைகள் தலையணையை அழுத்திப் பிடிக்கும், விலகாது. பாதரசம் இறங்கியதா, காய்ச்சல் இறங்கியதா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தையல் பிரியவில்லை. டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்து, "கட்டிக்கொடுத்த சுவரு நிக்குது" என்றார். என்னிடமல்ல, அவரிடம்.

காய்ச்சல் விட்ட அன்று அரிசிக் கஞ்சி கொடுக்கலாம் என்று உத்தரவாயிற்று. கணவர் கிண்ணத்தை வாங்கி, கரண்டியில் ஆற்றி ஆற்றி ஊட்டினார். வெறும் கஞ்சி. உப்புக்கூட அரைகுறை. ஆனால் அப்படி ஒரு ருசியை நான் வாழ்நாளில் கண்டதில்லை. கிண்ணம் பாதியாகும்போது அவர் கரண்டியை நிறுத்தினார். என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, மிகவும் அக்கறையாக, "போதுமா புள்ள?" என்று கேட்டார்.

"போதாதுங்க" என்றேன். "பசிக்குது. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தை என் கைக்கு எட்டாத தூரத்தில், ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"இரு, சிஸ்டரைக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பிப் போய்விட்டார்.